இறக்கம்தான் அக்காவுக்குக் கஷ்டம்

என் அக்கா பஸ் டிரைவர். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மேலே அணைக்கட்டுக் குடியிருப்பு வரை போய்த் திரும்பும் பஸ் அவளுடையது. ‘அவளுடையது’ என்பது பேச்சுக்குத்தான். ஆனால் அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முன் இருக்கையில் காலைத் தூக்கி வைத்து உட்காருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்து, “வீட்ல சோபாவுலயும் ஷூவோடதான் ஏறுவீங்களா?” என்று கேட்பாள். நிறுத்தத்தை நோக்கி ஓடி வருகிறவர்களுக்காகக் காத்திருக்க மாட்டாள். ஒருமுறை நானே கையில் பையோடு ஓடி வந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நானும் அவள் பார்த்ததைப் பார்த்தேன். பஸ் போய்விட்டது. சாயங்காலம் போன் செய்து கத்தினேன். “கொஞ்சம் முன்னாடியே வீட்ட விட்டுக் கிளம்பியிருக்கலாம்ல?” என்றாள் சாவகாசமாக.

அவள் ஓடத் தொடங்கியது ஆசைப்பட்டு அல்ல. டிரைவர்களுக்கு வருடா வருடம் உடல் பரிசோதனை உண்டு. அந்த வருடம் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. “அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் ஸ்டியரிங் இல்லை. டிப்போ அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அக்காவால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், அதே டிப்போவில் மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். பேசினால் வண்டி பாஷையில்தான் பேசுவார்.

“நின்ன எடத்துலயே நிக்கிற வண்டிக்கு எல்லாக் கோளாறும் வரத்தான் செய்யும்” என்றார்.

“நான் எங்க நிக்கிறேன்? நாள் பூரா ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“ஓடுறது பஸ்ஸு. நீ உக்காந்திருக்க.”

அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, டியூட்டிக்கு முன்னால், டிப்போவின் பின்வாசல் வழியாக வெளியே போய் மலையில் ஏறத் தொடங்கினாள்.

டிப்போவுக்குப் பின்னால் இருப்பது பெரிய மலையல்ல. உச்சியில் ஊருக்குத் தண்ணீர் தரும் தொட்டி. அதற்குப் போக ஒரு ஒற்றையடிப் பாதை. கீழே சரளைக்கல், நடுவில் மர வேர்கள் படிக்கட்டு மாதிரி, மேலே வெறும் பாறை. முதல் நாள் அக்கா பாதி வழிகூடப் போகவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து, கீழே வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினாளாம். வழியில் ஒரு நாய் அவள் மேல் இரக்கப்பட்டதுபோல பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. “அதுவே என்னைப் பாத்துப் பெருமூச்சு விட்டுச்சுடா” என்றாள் போனில்.

ஆனால் அடுத்த நாளும் போனாள். அக்காவின் குணம் அப்படி. பிடித்த பிடியை விட மாட்டாள். கொஞ்ச நாளில் அவளுக்கே ஒரு வழி பிடிபட்டது. ஏற்றத்தில் வீம்புக்கு நீட்டி நீட்டிக் கால் வைத்தால் நெஞ்சு அடைக்கிறது. சின்னச் சின்ன அடியாக வைத்தால் ஏறிக்கொண்டே இருக்கலாம். “முதல் கியர்ல போட்டு உறுமிக்கிட்டே போக வேண்டியதுதான்” என்பாள். நடையில் நேரம் போதாமல் ஓடத் தொடங்கினாள். ஓட்டம் என்று அவள்தான் சொன்னாள். பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இந்த இடத்தில் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை. கால் மரத்துப் போகிறது என்று ஓட்டத்தில் இறங்கி, அது பைத்தியமாகி, அப்போது மலை மாரத்தான் ஓட வேண்டும் என்கிற அளவுக்கு முற்றியிருந்தது. ஊரிலிருந்து அணைக்கட்டு வரை தார்ச்சாலையில் ஏறி, அங்கிருந்து காட்டுப் பாதையில் மலைமுகடு முழுக்க ஓடி, மறுபக்கம் இறங்கி விளையாட்டு மைதானத்தில் முடிகிற போட்டி. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவன். காசு கொடுத்து ஓடுகிற மனிதர்களை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

அவளும் அதே தண்ணீர்த் தொட்டி மலையில்தான் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அதில் ஒரு சிக்கல். அவளுக்கும் அக்காவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

காரணம் ஒரு தையல் மிஷின். எங்கள் அம்மா காலமான பிறகு அவள் அறையை ஒழித்தபோது, மூலையில் கிடந்த மிஷினை என் மனைவி தெருவில் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் அக்கா அதைக் கேட்டு வந்தாள். “எங்கம்மா மிஷின எடுத்துக் குடுக்க இவ யாரு?” என்று அக்காவும், “இத்தனை வருஷம் அதுக்குத் தூசி தட்டுனது யாரு?” என்று இவளும் ஆரம்பித்தார்கள். அன்று மூடிய வாய்கள் பிறகு திறக்கவில்லை. நடுவில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

முதல்முறை இருவரும் மலையில் எதிரெதிரே வந்தது, பாதை மிகக் குறுகலாகப் பாறைக்கும் முள்புதருக்கும் நடுவே போகும் இடத்தில். அக்கா ஏறிக்கொண்டிருந்தாள், இவள் இறங்கிக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் புதரில் ஒதுங்கியாக வேண்டும். இருவரும் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. ஏனென்றால் இருவரும் வேறு வேறு கணக்குச் சொன்னார்கள்.

“மலைப் பாதையில ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும். உன் பொண்டாட்டிக்கு ரோடு ரூல்ஸே தெரியாதா?” என்று அக்கா போனில் கேட்டாள்.

“ஓடி வர்றவங்களுக்கு நடக்கிறவங்கதான் ஒதுங்கணும். அவங்க என்ன பஸ்ஸா?” என்று இவள் சமையலறையில் கேட்டாள்.

நான் இருவரிடமும் “ஆமாமா” என்றேன்.

இப்படியே பல வாரம். கடைசியில் ஒரு ஏற்பாடு தானாக வந்தது. ஒருவர் வருவது தெரிந்தால் மற்றவர் ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் அகலமான இடத்திலேயே குனிந்து உட்கார்ந்துவிடுவது. ஊரில் அவர்களைப் போல ஷூ கயிறு கட்டினவர்கள் யாரும் இருக்க முடியாது.

பிறகு மழைக்காலம் வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, இவள் கிளம்பிப் போனாள். பாறைக்குக் கீழே பாதையின் ஓரம் அரித்துப் போயிருந்திருக்கிறது. இறங்கி வரும்போது கால் வைத்த மண் அப்படியே சரிந்து, இவளும் சரிந்து, கணுக்கால் ஒரு வேருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. போன் எங்கேயோ உருண்டுவிட்டது. கத்தினாள். மேலே வந்துகொண்டிருந்தது அக்கா.

அங்கே என்ன நடந்தது என்பதை இருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். இதில் மட்டும் இருவர் சொன்னதும் ஒன்றாக இருந்தது.

அக்கா ஓடி வந்து, பேசாமல் குனிந்து, மண்ணைக் கையால் வாரி எடுத்து, காலை விடுவித்தாள். கணுக்கால் அதற்குள் வீங்கியிருந்தது. அக்கா திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள்.

“ஏறு.”

“வேணாம். நானே வந்துடுவேன்.”

“எப்படி வருவ? பறந்தா? ஏறுன்னா ஏறு.”

முள்புதர் வரைக்கும் முதுகில் தூக்கி வந்தாள். பிறகு பாதை அகலமானதும் தோளில் கை போட்டு நொண்ட வைத்தாள். மூன்று வருடத்தில் முதல் பேச்சு ஆரம்பித்துவிட்டதால் மீதியும் வந்தது.

“ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுத்திருந்தா என்ன?” என்றாள் அக்கா.

“கேக்குறதுக்கு நீங்க எப்ப வந்தீங்க? வந்தாலும் வாசல்லயே நின்னு, பஸ்ஸுக்கு நேரமாச்சும்பீங்க.”

“எங்கம்மா மடியில உக்காந்து அந்தச் சக்கரத்தச் சுத்துனவ நான்.”

“எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னீங்களா? உங்க தம்பி வாயத் தொறந்தாரா?”

“அவன் எதுக்குத் தொறந்திருக்கான்?”

இதில் இருவரும் ஒத்துப்போனதாகத் தெரிகிறது.

“யாருக்குத்தான் குடுத்த?” என்று கேட்டாள் அக்கா கொஞ்ச தூரம் கழித்து.

“பின்தெருவுல ஒருத்தங்க இருக்காங்க. ஸ்கூல் யூனிபாரம் தைக்கிறாங்க. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்.”

“மிஷின் ஓடுதா?”

“நாள் பூரா ஓடுது.”

அக்கா அவள் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாளாம். மலையில் அவர்களைப் பார்த்த டிப்போக் காவலாளி போனில் சொல்லி நான் அரக்கப் பரக்க வந்து நின்றபோது, இருவரும் உடம்பெல்லாம் சேறாக, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பின்வாசலுக்குள் நுழைந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில், “ஏன் இவ்வளவு லேட்டு?” என்றார்கள்.

கணுக்கால் ஆறும்வரை அக்கா தினமும் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து உட்கார்ந்தாள். இவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, அக்காவுக்கு மாரத்தானைப் பற்றிச் சொன்னாள். எங்கே எவ்வளவு ஏற்றம், எங்கே காடு, எங்கே தண்ணீர் தருவார்கள் என்றெல்லாம். அக்கா அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவையும் ஓட்டிப் பழகியவள். “அந்த மூணாவது கொண்டை ஊசி வளைவுல பொதுவா எல்லாருக்கும் வாந்தி வரும். பஸ்லயே வரும். ஓடுனா எப்படியோ” என்றாள். நான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்த வாரம் அக்காவும் பெயர் கொடுத்துவிட்டாள்.

“ஐம்பதைத் தொடப் போற வயசுல எதுக்குக்கா இது?” என்றேன்.

“அந்த ரோட்ட இத்தன வருஷமா ஒக்காந்தே பாத்துட்டேன்” என்றாள்.

இருவரும் சேர்ந்து பயிற்சி செய்யத் தொடங்கினார்கள். ஏற்றத்தில் அக்கா நன்றாகவே ஏறினாள். மெதுவாக, ஆனால் நிற்காமல். இவள் பாய்ந்து ஓடி, மூச்சு வாங்கி நிற்கும்போது, அக்கா உறுமிக்கொண்டே கடந்து போவாள். கஷ்டமெல்லாம் இறக்கத்தில். கீழே இறங்கும்போது அக்கா உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு அடியிலும் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு வந்தாள். இரவில் முழங்கால் வீங்கியது. மாமா ஐஸ் வைத்துக் கட்டியபடி, “பிரேக் ஷூ தேஞ்சு போச்சு” என்றார்.

“ஏன் அண்ணி இப்படிப் புடிச்சுப் புடிச்சு வர்றீங்க? விட்டு ஓடுங்க” என்று இவள் சொல்லிப் பார்த்தாள். (கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.)

“வரல” என்றாள் அக்கா.

ஏன் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். சில வருடங்களுக்கு முன்னால், அணைக்கட்டிலிருந்து பஸ் நிறைய ஆட்களோடு இறங்கும்போது, பாதி மலையில் பிரேக்கில் காற்று இறங்கிப் போனது. மிதித்தால் கால் வெறுமனே உள்ளே போனது. அக்கா கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, அதுவும் போதாமல், பஸ்ஸை மலைப்பக்கத் தடுப்புச் சுவரோடு வேண்டுமென்றே உரச வைத்தாள். இடது பக்கம் முழுக்கத் தகரம் கிழிந்து, பஸ் நின்றது. சிலருக்குக் கண்ணாடி கீறியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. பாராட்டிப் பேச வந்தவர்களிடம் அக்கா, “வண்டியக் கழுவணும்” என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். மறுநாளும் அதே பாதையில் ஓட்டினாள். அன்று முதல் மாமா அவளுடைய பஸ்ஸின் பிரேக்கை வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஆனால் அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு எழுந்ததே கிடையாது.

இதை நான் என் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் மலையுச்சியில் அவள் அக்காவுக்கு எந்த உபதேசமும் செய்யவில்லை.

“அண்ணி, நீங்க கீழ பாக்காதீங்க. நான் முன்னாடி போறேன். என் முதுகை மட்டும் பாருங்க. நான் எங்க கால் வைக்கிறேனோ அங்க வைங்க.”

“நீ விழுந்தா?”

“என் மேல விழுங்க. மெத்துன்னு இருக்கும்.”

முதலில் மெதுவாக, பாறையிலிருந்து வேர்கள் வரை மட்டும். அப்புறம் வேர்களிலிருந்து சரளை வரை. இவள் அடியைச் சின்னதாக்கி, வேகமாக்கி, கைகளை அகல விரித்து ஓடினாள். அக்காவும் அப்படியே. “சின்ன அடி, சின்ன அடி” என்று இவள் முன்னால் சொல்லிக்கொண்டே போவாள். “தெரியும், தெரியும்” என்று அக்கா பின்னால் சொல்லிக்கொண்டே வருவாள். பல வாரம் கழித்து ஒரு காலை, நடுவில் எங்கும் நிற்காமல் உச்சியிலிருந்து டிப்போ வரை ஓடி வந்துவிட்டார்கள். அக்கா பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அதற்கிடையே பரிசோதனையும் வந்து போனது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். இனி ஓட வேண்டிய அவசியம் அக்காவுக்கு இல்லை. நான் அதைச் சுட்டிக் காட்டினேன். அக்கா என்னை, பஸ்ஸில் சில்லறை இல்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

போட்டிக்கு முன்னால் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை, அவரவர் ஓட்டம் அவரவருக்கு. சொன்னது என் மனைவிதான். நான் சாட்சி.

போட்டி நாளன்று நானும் மாமாவும் மைதானத்தில் காத்திருந்தோம். மேலே நடந்ததெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். சாலை ஏற்றத்தில் இவள் முன்னால் போய்விட்டாள். அக்கா தன் பாட்டுக்கு வளைவு வளைவாக ஏறினாள். அணைக்கட்டு நிறுத்தத்தில் தினமும் ஏறுகிற பயணிகள் சிலர் நின்றிருந்தார்கள். “டிரைவரம்மா, இன்னிக்கு பஸ் எங்க?” என்று ஒருவர் கத்த, “நான்தான் பஸ்ஸு, ஏறிக்கோங்க” என்று கத்திவிட்டு அக்கா காட்டுக்குள் போனாள்.

மலைமுகட்டில் வெயில். காற்றே இல்லை. கடைசி இறக்கம் தொடங்குகிற இடத்தில் தண்ணீர்ப் பந்தல். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்து, கால் தள்ளாடி, தொண்டர்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு நர்ஸ் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா நின்றாள்.

“என்னாச்சு?”

“முடியல அண்ணி. நீங்க போங்க.”

அக்கா நர்ஸைப் பார்த்தாள். “பயப்பட ஒண்ணுமில்ல, நாங்க வேன்ல கூட்டிட்டு வர்றோம்” என்றாள் நர்ஸ்.

“போங்கன்னு சொல்றேன்ல” என்றாள் இவள்.

அக்கா போனாள்.

அந்த இறக்கம் தண்ணீர்த் தொட்டி மலையைவிட நீளம், செங்குத்து. முன்னால் பார்ப்பதற்கு எந்த முதுகும் இல்லை. தொடக்கத்தில் பழையபடி குதிகாலை ஊன்றிப் பார்த்தாளாம். முழங்கால் சுரீரென்றது. “இப்படியே போனா ராத்திரிதான் போய்ச் சேருவேன்னு தோணுச்சு. சரி, வர்றது வரட்டும்னு விட்டுட்டேன்” என்றாள். எதை விட்டாள் என்று நான் கேட்கவில்லை. மைதானத்து வாசலில் அவள் தோன்றியபோது மாமா முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கைகளை அகல விரித்து, வாயைத் திறந்து, முகமெல்லாம் உப்புப் பூத்து, யாரோ மாதிரி ஓடி வந்தாள். கோட்டைத் தாண்டியதும் மாமா அவள் கையைப் பிடித்தார். வண்டி பாஷையில்கூட அவருக்கு எதுவும் வரவில்லை.

சிறிது நேரத்தில் வேன் வந்தது. இவள் இறங்கினாள். முகம் தெளிந்திருந்தது. நேராக அக்காவிடம் வந்தாள். கட்டிப்பிடித்து வாழ்த்தப் போகிறாள் என்று நினைத்து நான் போனில் கேமராவைத் திறந்தேன்.

“போங்கன்னா உடனே போயிடுறதா?” என்றாள்.

“நீதானே போகச் சொன்ன?”

“நான் சொல்லுவேன். நீங்க ஒரு நிமிஷமாவது நிக்கக் கூடாதா? திரும்பிக்கூடப் பாக்கல.”

“திரும்பிப் பாத்தா எப்படிம்மா எறங்குறது? நீதானே ஒப்பந்தம் போட்ட? இவன் சாட்சி.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனைப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வரும்போது காரில் யாரும் பேசவில்லை. அடுத்த மூன்று வருடத்துக்கு யார் யாரிடம் எதைச் சொல்லி அனுப்புவது என்று நான் மனசுக்குள் திட்டம் போடத் தொடங்கினேன். ஒரு வாரம் போனும் இல்லை. எட்டாம் நாள் காலையில் வாசலில் அக்காவின் குரல் கேட்டது. உள்ளே வந்து, கட்டிலில் படுத்திருந்த இவள் காலைத் தட்டினாள்.

“எந்திரி. அடுத்த தடவை வெயில்ல தண்ணிய எப்படிக் குடிக்கிறதுன்னு மொதல்ல கத்துக்க. மடக்கு மடக்குன்னு குடிச்சா யாருக்குத்தான் நிக்கும்?”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. வா, ரெண்டு பேரும் கத்துக்கலாம்.”

இவள் எழுந்து பல் துலக்கப் போனாள்.

அடுத்த வருடம் இவள் ஓடி முடித்தாள். பரிசு வாங்குகிற நேரமெல்லாம் இல்லை, ஆனால் முடித்தாள். அக்கா அன்று ஓடவில்லை. அவளுக்கு அன்று டியூட்டி போட்டுவிட்டார்கள், விடுப்புக் கேட்டும் கிடைக்கவில்லை. மதியம் அணைக்கட்டு நிறுத்தத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

“முடிச்சுட்டாளா?”

“முடிச்சுட்டாக்கா. இப்பத்தான்.”

“வாந்தி?”

“இல்ல. நல்லா இருக்கா. உன்கிட்ட பேசணும்ங்கிறா, குடுக்கவா?”

“இப்ப வேணாம். பயணிங்க ஏறிட்டாங்க” என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. பின்னால் பஸ் எஞ்சின் உறுமுவதும், யாரோ “டிரைவரம்மா, போகலாமா?” என்று கேட்பதும் எனக்குக் கேட்டது. “ஒரு நிமிஷம் இருங்க” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, “சரி, குடு” என்றாள்.